சீரம் 2-க்கு மாறலாமா? தைப்பூசப் பாடல் வேலையின் நடுவில் எழுந்த கேள்வி

வளவு ஒலி (காரைக்குடி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கி, பக்திப் பாடல்களுக்கும் திருமண வீடியோக்களுக்கும் இசை அமைத்து வருகிறேன். 2018 முதல் என் வேலையில் பாதிக்கு மேல் கணினியில் ஒலிகளை உருவாக்கும் சீரம் என்ற ஒரே சிந்தசைசரில்தான் நடக்கிறது. ஸ்டீவ் டூடாவின் எக்ஸ்ஃபெர் ரெக்கார்ட்ஸ் 2014-இல் வெளியிட்ட ப்ளக்-இன் (இசை மென்பொருளுக்குள் இயங்கும் துணை மென்பொருள்) அது என்பதும், அதன் அடுத்த பதிப்பான சீரம் 2, 2025 மார்ச்சில் வந்தது என்பதும் இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். முதல் பதிப்பை விலை கொடுத்து வாங்கியவர்களுக்குப் புதிய பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே என் கேள்வி காசைப் பற்றியது அன்று.

பழனிப் பாதயாத்திரைக்காக ஆறு பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்து கொண்டிருக்கிறேன். குன்றக்குடியிலிருந்து காவடிகள் புறப்படும் முன்பாக அது கேட்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மூன்று பாடல்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மூன்று இன்னும் வெறும் மெட்டாக இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பத்து வாரங்கள் உள்ளன. என்னிடம் இருப்பது நான்கு கோர் செயலியும் 8 ஜி.பி. ரேமும் உள்ள ஏழு வயது மடிக்கணினி. இந்த நிலையில் சீரம் 2-ஐ ஏற்றி, முடிந்த பாடல்களையும் அதற்கு மாற்றிவிடலாமா, அல்லது இந்த வேலை முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லதா? மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கோட்டையூர் கீபோர்டு:

அண்ணே, தயங்காமல் மாறுங்கள் என்பதுதான் என் கருத்து. சீரம் 2 பழையதன் மேல் எழுதப்படுவதில்லை. தனி ப்ளக்-இன்னாகப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறது. பழைய பாடலைத் திறந்தால் பழைய சீரமே வந்து நிற்கும். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பழைய பிரீசெட்டுகளையும் (அமைத்துச் சேமித்த ஒலிகளையும்) புதியதில் திறக்கலாம்.

கிடைப்பதும் சிறிதன்று. முன்பு இரண்டாக இருந்த முதன்மை ஆஸிலேட்டர்கள் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதிகள்) இப்போது மூன்றாகியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் வேவ்டேபிள் (சேமித்த அலை வடிவங்களின் வரிசை) மட்டுமல்லாமல் சாம்பிள் (பதிவு செய்த ஒலி), மல்டிசாம்பிள் (சுரத்துக்குச் சுரம் பதிவு செய்த ஒலிகள்), கிரானுலர் (ஒலியைத் துணுக்குகளாக நறுக்குவது), ஸ்பெக்ட்ரல் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிப்பது) ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பல அமைப்புகளை ஒன்றாக நகர்த்தும் மேக்ரோ குமிழ்கள் நான்கிலிருந்து எட்டாகிவிட்டன. ஒலியின் அதிர்வெண்களை வடிக்கும் ஃபில்டர் இரண்டு. அழுத்திய சுரங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் உள்ளேயே இருக்கிறது. இன்றைக்குப் புதிதாக வாங்குபவர் இதற்கு டாலரில் விலை கொடுத்து, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் கட்ட வேண்டும். உங்களுக்கு அது கையில் வந்து விழுகிறது. மடிக்கணினி போதவில்லை என்றால் அதைத்தான் மாற்ற வேண்டுமே தவிர, அதற்காகச் சிந்த்தைத் தள்ளிப்போடக் கூடாது.

தேவகோட்டை நாதம்:

தம்பி வளவு ஒலிக்கு. கோட்டையூர்த் தம்பி சொன்ன விவரங்கள் எல்லாம் சரியே. ஆயினும் முடிந்த பாடல்களை மாற்றலாமா என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்து தடுக்க விரும்புகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்காக எட்டுப் பாடல்கள் செய்தேன். ஐந்து பாடல்கள் முடிந்திருந்த நேரத்தில், நான் நம்பியிருந்த ஒரு சிந்த்துக்கு (இதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, சீரம் அன்று) புதிய பதிப்பு வந்தது. ஏற்று என்று திரையில் கேட்டது, ஏற்றினேன். அது பழைய பதிப்பை அழித்துவிட்டு அதே பெயரில் உட்கார்ந்து கொண்டது. மறுநாள் பாடலைத் திறந்தபோது எல்லா ட்ராக்குகளும் இருந்தன, எல்லாச் சுரங்களும் இருந்தன, ஆனால் என் ஒலி இல்லை. ஃபில்டரை அவர்கள் திருத்தி எழுதியிருந்தார்கள். தம்புரா போல அடியில் மெல்ல விரிந்து கொண்டிருந்த ஒலி, கொசு ரீங்காரம் போல மேலே ஏறி நின்றது. பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை நான் எடுத்து வைக்கவில்லை. அவர்கள் தளத்திலும் அது இல்லை. பாடகி தன் பகுதியைப் பாடிவிட்டு வெளியூர் போய்விட்டார். என்னிடம் இருந்தது, கேட்டுப் பார்ப்பதற்காக அனுப்பிய எம்.பி.3 மட்டுமே. அதைக் காதில் வைத்துக் கொண்டே ஒவ்வொரு ஒலியையும் மறுபடி கட்டினேன். மூன்று பாடல்கள் கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தத் தொகுப்பை இன்று கேட்டாலும், அந்த மூன்று பாடல்கள் வரும்போது எழுந்து போய்விடுகிறேன்.

சீரம் 2 அப்படிச் செய்வதில்லை என்பது உண்மை. இருந்தாலும் முடிந்த மூன்று பாடல்களின் ஒவ்வொரு சிந்த் ட்ராக்கையும் இன்றைக்கே பவுன்ஸ் செய்து, அதாவது ஒலியாகவே பதிவாக்கி, வேவ் கோப்பாகத் தனியாக வைத்துவிடுங்கள். ப்ளக்-இன் நாளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வேவ் கோப்பை எந்த மென்பொருளும் திறக்கும். 2019-இல் மாஸிவ் எக்ஸ் வந்தபோது பலரும் அதை மாஸிவ் என்ற பழைய சிந்த்தின் அடுத்த பதிப்பு என்றே எண்ணினார்கள். ஆனால் பழைய பிரீசெட்டுகளை அது திறக்காது; அது வந்தபோது ஏ.வி.எக்ஸ். என்ற கணக்கீட்டு வசதி இல்லாத பழைய செயலிகளில் ஓடவே இல்லை. பெயர் தொடர்வதால் உள்ளே இருப்பதும் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது.

வளவு ஒலி (காரைக்குடி):

ஐயா, உங்கள் அனுபவத்தைப் படித்தவுடனே மூன்று பாடல்களையும் திறந்து எல்லா ட்ராக்குகளையும் பவுன்ஸ் செய்துவிட்டேன். பழைய சீரத்தின் நிறுவல் கோப்பையும், நானே செய்த வேவ்டேபிள்களையும், பிரீசெட்டுகளையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியாயிற்று. இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். நன்றி.

மீதமுள்ள மூன்று பாடல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடலின் தொடக்கத்தில் சங்கொலி வேண்டும். எங்கள் வீட்டுச் சங்கை நடு முற்றமான வளவில் நின்று ஊதச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒன்பது விநாடி வருகிறது. முதலில் மூச்சின் சீறல், பிறகு சுருதி சற்றே கீழிருந்து ஏறி நிலைக்கும் இடம், கடைசியில் நான்கு பக்கத் தாழ்வாரமும் திருப்பிச் சொல்லும் ஓசை. அந்த ஒன்பது விநாடியை ஒரு நிமிடத்துக்கு விரித்து, அதன் மேல் குரல் எழ வேண்டும் என்பது என் ஆசை. இன்னொரு பாடல் தோடி இராகத்தில். அதில் நாயனம் போன்ற ஒரு சிந்த் வரிசை வருகிறது, ஆனால் எத்தனை முறை வாசித்தாலும் தோடியாகக் கேட்கவில்லை. புதிய பதிப்பு அதைத் தீர்க்குமா என்பதுதான் என் மனத்தில் உள்ள உண்மையான கேள்வி.

பள்ளத்தூர் வீணை:

வளவு ஒலித் தம்பிக்கு. நான் சிந்த் வாசிப்பவள் இல்லை. வீணை சொல்லிக் கொடுக்கிறேன். என் மாணவர்கள் சிலர் கணினியில் இசை செய்வதால் இந்த உரையாடலைப் படித்து வருகிறேன். உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோடி தோடியாகக் கேட்கவில்லை என்றால், முதலில் காந்தாரத்தை (க என்ற சுரத்தை) பாருங்கள். தோடியின் சாதாரண காந்தாரத்தை நேராக ஒரு கட்டையை அழுத்தி நிறுத்தினால் அது தோடி ஆகாது. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்தியமத்துக்கும் இடையில் அது அசைய வேண்டும். கீபோர்டில் எண்ணிப் பாருங்கள்: சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் ஒரு படி, சாதாரண காந்தாரம் மூன்றாம் படி, சுத்த மத்தியமம் ஐந்தாம் படி. அதாவது காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு படி, மேலே இரண்டு படி. கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக அமைந்து வருவதும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்றுதான் என்று என் மாணவி ஒருத்தி காட்டினாள். ஆக அந்த ஒரு சுரத்துக்கு வேண்டிய இடம் உங்கள் விரலுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கிறது.

இடம் இருந்தால் மட்டும் போதாது. சக்கரத்தை மேலும் கீழும் ஒரே சீராக ஆட்டினால் அது நடுக்கமாகத்தான் கேட்கும். கம்பிதம் என்ற இந்தக் கமகத்தில் (சுரத்தை அசைக்கும் முறையில்) அசைவு ஒரே சீராக இருப்பதில்லை. மத்தியமத்தைத் தொட்டு ஒரு கணம் நின்று, கீழே வேகமாக வந்து, அடுத்த அசைவில் மேலே போகும் அளவு குறைந்து, பாட்டின் காலப்பிரமாணத்தோடு சேர்ந்து நடக்கும். வீணையில் இதைத் தந்தியை இழுத்து வாசிக்கிறோம். நாயனத்தில் மூச்சும் விரலும் உதடும் சேர்ந்து செய்கின்றன. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைப் பதிவு கிடைத்தால், காந்தாரம் வரும் இடங்களை மட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். அந்த அசைவின் வடிவத்தைத் தாளில் கோடாக வரைந்து பாருங்கள். ஒரு வாரம் இதைச் செய்த பிறகு சிந்த்தைத் தொடுங்கள். எந்தப் பதிப்பாக இருந்தாலும் அப்போது அது உங்களுக்கு உதவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தம்புராவைச் சுத்தமாகச் சுருதி சேர்த்து மீட்டினால், யாரும் வாசிக்காமலே அந்தர காந்தாரம் (சாதாரண காந்தாரத்துக்கு அடுத்த மேல்படி) அதில் தானாக ஒலிக்கும். அந்த இயற்கையான காந்தாரம் கீபோர்டில் உள்ள காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்ந்தது. கீபோர்டின் அரைச் சுரம் ஒவ்வொன்றும் 100 சென்ட் என்றால் இது எவ்வளவு என்று உங்களுக்குப் புரியும். சங்கராபரணம், கல்யாணி போன்ற இராகங்களில் கீபோர்டின் நீண்ட காந்தாரமும் தம்புராவும் ஒன்றோடொன்று உரசுவதற்கு இதுதான் காரணம். வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளையும் (சுரக் கட்டைகளையும்) மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி மேளம் கட்டுகிறோம், அதாவது சுரத்தானங்களை அமைக்கிறோம். உங்கள் சிந்த்தில் மேளம் கட்ட வழி இருக்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள். காரைக்குடி சகோதரர்கள் வீணை வாசித்த ஊரில் இருந்து கொண்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆத்தங்குடி அலை:

ஆச்சி எழுதியதைச் சிந்த்தின் மொழியில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு முக்கியமான செய்தி மறைந்திருக்கிறது. பழைய சீரத்திலேயே எல்.எஃப்.ஓ.வின் (ஒலியை மெதுவாக அசைக்கும் அலையின்) வடிவத்தை நாமே புள்ளி வைத்து வரையலாம். அதை என்வலப் முறையில் வைத்தால், சுரத்தை அழுத்தியதும் அந்த வடிவம் ஒரு முறை ஓடி நின்றுவிடும். ஆச்சி தாளில் வரையச் சொன்ன கோட்டை அப்படியே அங்கே வரைந்து, பிட்ச்சோடு இணைத்து, அளவை மேக்ரோ குமிழில் வைத்துக் கொண்டால், ஒவ்வொரு முறையும் அசைவின் அளவை விரலால் கூட்டிக் குறைக்கலாம். இதற்கு மூன்றாவது ஆஸிலேட்டர் தேவையில்லை. கடந்த ஏழு ஆண்டுகளாக உங்களிடம் இருக்கும் கருவியே போதும்.

பிட்ச் பெண்ட் தகவலை மிடி (கீபோர்டு கணினிக்குச் செய்தி அனுப்பும் முறை) 14 பிட்டில் அனுப்புகிறது. மொத்தம் 16,384 படிகள். மேலும் கீழும் 2 படி என்ற அமைப்பில் ஒவ்வொரு நுண்படியும் ஒரு சென்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். ஜாருவுக்காக (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவதற்காக) மேலும் கீழும் 12 என்று விரித்தாலும் ஏறக்குறைய ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்குதான். ஆகவே "கணினியில் கமகம் படிக்கட்டு போல வரும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மேளம் கட்டுவதற்கு, சர்ஜ் எக்ஸ்.டி. என்ற சிந்த்தைப் பாருங்கள். முன்பு விற்பனையில் இருந்து, 2018-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட சர்ஜின் தொடர்ச்சி அது, முற்றிலும் இலவசம். ஸ்காலா கோப்பு ஒன்றில் பன்னிரண்டு சுரத்தானங்களையும் நீங்கள் விரும்பும் அளவில் எழுதிக் கொடுத்தால் அப்படியே ஒலிக்கும். அந்தர காந்தாரத்தைச் சட்ஜத்தின் 5/4 மடங்கு என்றும் பஞ்சமத்தை 3/2 மடங்கு என்றும் எழுதி ஒரு தம்புரா ஒலியை நீங்கள் செய்து பார்த்தால் ஆச்சி சொன்னது உடனே காதில் விழும்.

அடுத்து மடிக்கணினி. கோட்டையூர்த் தம்பி மடிக்கணினியை மாற்றுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். கடைக்காரர் ரேமைக் கூட்டுங்கள் என்பார். இரண்டும் வேறு வேறு நோய்க்கு மருந்து. ரேம் என்பது சாம்பிள் கோப்புகளை ஏற்றி வைப்பதற்கான இடம். நூற்றுக்கணக்கான சாம்பிள்களைக் கொண்ட பெரிய வயலின் தொகுப்பு ஒன்றை ஓட்ட 16 ஜி.பி. உதவும். வேவ்டேபிள் சிந்த்துக்கு அது பெரிதாக உதவாது. அங்கே ஒலியைக் கணத்துக்குக் கணம் கணக்கிடுவது செயலி. நான்கு சுரம் சேர்ந்த ஒரு கோர்டை, ஆஸிலேட்டருக்கு ஏழு யூனிஸன் (ஒரே சுரத்தின் பிரதிகள்) என்று வைத்து வாசித்தால், இரண்டு ஆஸிலேட்டரில் 56 குரல்கள் ஒரே நேரத்தில் கணக்கிடப்படுகின்றன. மூன்று ஆஸிலேட்டரிலும் அதே அமைப்பை வைத்தால் 84. கிரானுலரும் ஸ்பெக்ட்ரலும் அதற்கும் மேலே கேட்கும். உங்கள் செயலி திணறினால் ரேமைக் கூட்டியும் பயன் இருக்காது.

திணறும்போது எல்லோரும் செய்வது பஃபரை, அதாவது செயலி ஒரே தடவையில் கணக்கிட்டு வைக்கும் ஒலியின் அளவை, கூட்டுவது. விநாடிக்கு 44,100 ஒலிப்புள்ளிகள் (இவற்றுக்கும் சாம்பிள் என்றே பெயர்) என்ற அமைப்பில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லி விநாடி தாமதம். 512 என்றால் 11.6. பின்னது ஒலி நான்கு மீட்டர் தூரம் பயணம் செய்ய ஆகும் நேரம். கலவை செய்யும்போது அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் தோடி காந்தாரத்தை விரலால் அசைத்து வாசிப்பவருக்கு, தன் கருவியே நான்கு மீட்டருக்கு அப்பால் இருந்து ஒலிப்பது போல இருக்கும். உண்மையில் ஒலியைக் கணினிக்கு உள்ளும் வெளியும் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸின் தாமதமும் சேர்ந்து இன்னும் தள்ளிப் போகும். கமகம் வாசிக்கப் பஃபர் சிறிதாக இருக்க வேண்டும், பஃபர் சிறிதாக இருக்கச் சிந்த் இலேசாக இருக்க வேண்டும். உங்கள் தோடிப் பாட்டுக்குப் பழைய சீரமே பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டையூர் கீபோர்டு:

ஆச்சி எழுதியதைப் படித்த பிறகு, தோடியைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக் கொள்கிறேன். ஆனால் புதிய பதிப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு உரையாடல் போய்க் கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது; அதை நான் ஏற்கவில்லை.

அண்ணன் கேட்டது இரண்டு. தோடி ஒன்று, சங்கு இன்னொன்று. அந்த ஒன்பது விநாடிச் சங்கைப் பழைய சீரத்தில் என்ன செய்ய முடியும்? வேவ்டேபிளில் ஒரு சட்டத்துக்கு (ஓர் அலை வடிவத்துக்கு) 2,048 சாம்பிள், அதிகபட்சம் 256 சட்டங்கள். ஒலிப்பதிவை அதற்குள் இறக்குமதி செய்தால், சங்கின் நிறம் ஓரளவு வரும். ஆனால் மூச்சின் சீறலும் வளவின் ஓசையும் அடிபட்டுப் போகும். அது தந்தியில் வாசித்த சங்கு போலத்தான் இருக்கும். கிரானுலரில் நடப்பது வேறு. ஒலிப்பதிவைச் சிறு சிறு துணுக்குகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தூவிக் கொண்டே போகிறது. சுருதியை மாற்றாமல் காலத்தை மட்டும் விரிக்கலாம். ஒன்பது விநாடி ஒரு நிமிடமாகும்போதும் சீறல் சீறலாகவே இருக்கும். அண்ணன் ஆசைப்படுவது சரியாக இதைத்தான். இதற்காகச் சீரம் 2-ஐ ஏற்றச் சொல்வதில் என்ன பிழை இருக்கிறது?

நாயனத்தையும் பதிவு செய்து மல்டிசாம்பிளாக வைத்தால் நன்றாக வருமே என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. ஐயா என்ன சொல்கிறீர்கள்?

தேவகோட்டை நாதம்:

சங்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நாயனத்தைச் சாம்பிள் ஆக்குவது பற்றிக் கேட்டீர்கள். நான் ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன். இரண்டரைக் கட்டைச் சுருதியில் பாரி (நீளமான) நாயனம் வாசிப்பவரை அழைத்து வந்து, ஒவ்வொரு சுரத்தையும் அசைவில்லாமல் நிறுத்தி ஊதுங்கள் என்று கேட்டேன். அவர் அரைமணி நேரம் பொறுமையாக ஊதினார். பிறகு, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். சாம்பிள்கள் சுத்தமாகத்தான் இருந்தன. வரிசையாக வாசித்தால் நாயனத்தின் நிறம் வந்தது, நாயனம் வரவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியில்தான் அந்த வாத்தியமே இருக்கிறது. அந்த வழியை நாம் பதிவு செய்யவில்லை. தோடிப் பாட்டுக்கு நாயனம் வேண்டும் என்றால், நாயனக்காரரை அழைத்து வருவதே நேரான வழி. செலவும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது. சிந்த்தைச் சிந்த்தாகவே வைத்து, ஆச்சி சொன்ன அசைவை அதற்குக் கற்றுக் கொடுங்கள். அது நாயனம் போல இல்லாமல் இருந்தாலும் தோடியாக இருக்கும்.

பதிவு செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியை உள்ளே இழுத்துக் கொள்வதில்லை. எதிரெதிராக இரண்டு வெறுஞ்சுவர்கள் இருந்தால் கைதட்டலே படபடவென்று திரும்பி வரும். பெரிய கூடமான பட்டாலையில் நாயனத்தைப் பதிவு செய்யாதீர்கள். வளவில் சங்குக்கு அழகாக இருந்த அதே ஓசை, நாயனத்தில் ஒவ்வொரு அசைவையும் முந்தைய அசைவின் மேல் பூசிவிடும். பத்தாயக் கிடங்கோ துணிமணிகள் அடைந்த அறையோ இருந்தால் அங்கே செய்யுங்கள்.

ஆத்தங்குடி அலை:

கோட்டையூர்த் தம்பியின் சங்கு வாதம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆகவே ஏற்றிப் பாருங்கள் என்றே நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு சோதனையோடு.

பழைய பாடலின் பிரதி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள்; மூலத்தைத் தொடாதீர்கள். ஒரே பிரீசெட்டை இரண்டு பதிப்பிலும் திறந்து, ஒரே மிடியை ஓட்டி, இரண்டு வேவ் கோப்புகள் எடுங்கள். ஒன்றின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டினால், ஒரே ஒலியாக இருந்தால் அமைதிதான் கேட்க வேண்டும். இதில் பலர் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. சீரத்தில் ஒவ்வொரு சுரமும் தற்செயலான ஃபேஸில் தொடங்கும்படி ராண்ட் குமிழ் முழுவதும் திருப்பப்பட்டுத்தான் வரும். அதைச் சுழியத்துக்குக் கொண்டு வராமல் சோதித்தால், ஒரே பதிப்பில் எடுத்த இரண்டு கோப்புகள்கூட ஒன்றையொன்று அழிக்காது. யூனிஸனையும் ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு, சங்கை கிரானுலரில் வைத்து, மற்ற ட்ராக்குகள் எல்லாம் ஓடும்போது செயலி தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காவிட்டாலும் பரவாயில்லை. சங்கு மட்டும் உள்ள தனி ப்ராஜெக்ட்டில் பஃபரை 1,024-க்கு ஏற்றி, ஒலியை உருவாக்கி, வேவ் கோப்பாக எடுத்துப் பாட்டுக்குள் வைத்துவிடலாம். தொடக்க ஒலியை யாரும் விரலால் வாசிக்கப் போவதில்லை. தாமதம் அங்கே ஒன்றும் செய்யாது.

விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மடிக்கணினியில் அதுதான் ஓடுகிறது என்றால், இந்தத் தொகுப்பு முடிந்த பிறகு அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். பத்து வாரத்துக்குள் இயங்குதளத்தையும் சேர்த்து மாற்ற வேண்டாம்.

வளவு ஒலி (காரைக்குடி):

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அவரவர் சொன்னதைச் செய்து பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரம் சிந்த்தைத் தொடவில்லை. ஆச்சி சொன்னபடி காந்தாரத்தை மட்டும் கேட்டேன். பாதி வேகத்தில் கேட்டபோது, நான் இத்தனை நாள் ஒரு சுரம் என்று எண்ணிக் கொண்டிருந்தது மேலே ஏறும் ஒரு கோடும் கீழே இறங்கும் ஒரு கோடும் என்று தெரிந்தது. நான் வரைந்த முதல் கோடு அலை போல் ஒழுங்காக இருந்தது. ஏழாம் நாள் வரைந்தது, மேலே தட்டையாக நின்று, கீழே கூர்மையாக இறங்கி, இரண்டாம் முறை பாதிதான் ஏறியது. அதைப் பழைய சீரத்தின் எல்.எஃப்.ஓ.வில் வரைந்தேன். அளவை ஒரு மேக்ரோவில் வைத்து, இடது கையால் குமிழைத் திருப்பிக் கொண்டே வலது கையால் வாசித்தேன். பஃபர் 128. அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்து கொண்டிருந்தவர், அங்கிருந்தபடியே, "தோடியாடா?" என்று கேட்டார். என் இசையைக் கேட்டு அவர் இராகத்தின் பெயரைச் சொன்னது அதுவே முதல் முறை.

சர்ஜ் எக்ஸ்.டி.யில் தம்புராவும் செய்தேன். 5/4 காந்தாரத்தை வைத்ததும் அடியில் இருந்த மெல்லிய அதிர்வு அடங்கிவிட்டது. மற்றொரு பாடல் சங்கராபரணத்தில் இருப்பதால் அதற்கு இதையே சுருதியாக வைத்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் சீரம் 2-ஐ ஏற்றினேன். சொன்னபடியே அது தனியாக வந்து உட்கார்ந்தது. பழையது அப்படியே இருக்கிறது. நான் அடிக்கடி பயன்படுத்தும் எட்டுப் பிரீசெட்டுகளைச் சோதித்தேன். காதுக்குத் தெரியும்படி வேறுபாடு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முழுப் பாடலையும் புதியதில் ஓட்டியபோது என் மடிக்கணினி 128-இல் வெடித்து வெடித்து நின்றது. 512-க்கு ஏற்றிய பிறகே ஓடியது. 512-இல் என்னால் அந்தக் காந்தாரத்தை வாசிக்க முடியவில்லை. கை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போகின்றன.

சங்கோ, கோட்டையூர்த் தம்பி, நீங்கள் சொன்னதற்கு மேலேயே வந்தது. துணுக்குகளை நீளமாக வைத்து, நகரும் வேகத்தை மிகக் குறைத்தபோது, மூச்சின் சீறல் வரும் இடத்திலேயே ஒலி ஏறக்குறைய இருபது விநாடி நின்றது. சுருதி ஏறி நிலைக்கும் இடம் பொழுது விடிவது போல மெல்ல வந்தது. பழைய சீரத்தில் எந்த வழியிலும் இது கிடைத்திருக்காது. தனி ப்ராஜெக்ட்டில் செய்து, வேவ் கோப்பாக எடுத்துப் பாட்டின் தலையில் வைத்தாயிற்று.

ஆகவே நான் இப்படித் தீர்மானித்திருக்கிறேன். முடிந்த மூன்று பாடல்களும் பழைய சீரத்திலேயே இருக்கும். அவற்றைத் திறக்கவும் போவதில்லை, பவுன்ஸ் செய்த கோப்புகளிலேயே கலவை நடக்கும். தோடியும் பழையதில்தான். சங்கு போலப் பதிவு செய்த ஒலியிலிருந்து பிறக்க வேண்டியவை மட்டும் சீரம் 2-இல் தனியாக உருவாகும். புதிய மடிக்கணினி இப்போது இல்லை. அதற்கு ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு நாயனக்காரரையும் தவில்காரரையும் ஒரு நாள் அழைக்கிறேன். ஐயா சொன்னபடி பட்டாலையில் வைக்காமல், துணிப்பெட்டிகள் இருக்கும் உள்ளறையை ஒழித்துக் கொண்டிருக்கிறோம்.

பள்ளத்தூர் வீணை:

மிக்க மகிழ்ச்சி தம்பி. நாயனக்காரரிடம் காந்தாரத்தைத் தனியாக வாசித்துக் காட்டச் சொல்லி, நீங்கள் வரைந்த கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சிந்த்துக்கு அவர் சுருதி சேர்க்கும்படி கேட்காதீர்கள். நாயனத்தின் ஊதும் நாவான சீவாளியை வைத்து அவர் சேர்த்த பிறகு நீங்கள் அவருக்குச் சேருங்கள். அதற்கு உங்கள் சிந்த்தில் ஒரு குமிழ் இருக்கும் அல்லவா?

வளவு ஒலி (காரைக்குடி):

இருக்கிறது ஆச்சி. சுருதியைச் சென்ட் கணக்கில் நகர்த்தும் குமிழ் அது. இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. பதிவு வரும் வியாழக்கிழமை காலை. அன்று அவர் சேர்த்த சுருதியைக் குறித்து வைத்து, சங்கையும் தம்புராவையும் அதற்கே மாற்றிக் கொள்கிறேன்.